"ரைட்ஸ் வந்திருக்கு, என்ன செய்யணும்?": புதுப் பங்கு வெளியீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஏதாவது ஒரு பெரிய கம்பெனி புதுப் பங்கு வெளியிடும் வாரம் வந்தால் போன் ஓயாது. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே ஏற்கெனவே சந்தையில் பட்டியலான இந்தியக் கம்பெனிகளைப் பற்றியவை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று இதில் சொல்லவில்லை. போனிலும் சொல்வதில்லை.

1. நான் இன்னைக்கு ஒரு கம்பெனி ஷேர் வாங்கினேன். அந்தக் காசு கம்பெனிக்குத்தானே போகுது?

இல்லை. உங்களுக்கு விற்றவருக்குப் போகிறது. என்எஸ்இ, பிஎஸ்இ பங்குச்சந்தைகளில் தினமும் கைமாறும் ஆயிரக்கணக்கான கோடியில் ஒரு ரூபாய்கூடக் கம்பெனியின் கணக்கில் சேராது. புதிதாகப் பங்கை உருவாக்கி, அதை யாராவது பணம் கொடுத்து வாங்கினால்தான் கம்பெனிக்குக் காசு.

ஐபிஓ, அதாவது ஒரு கம்பெனியின் பங்கு முதல்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வருவது, என்றாலே கம்பெனிக்குப் பணம் என்பதும் தவறு. 2022 மே மாதம் எல்ஐசி ஐபிஓ வந்தது. அதில் விற்கப்பட்டவை மத்திய அரசு வைத்திருந்த பழைய பங்குகள். சுமார் 20,500 கோடி ரூபாயும் அரசுக்குப் போனது, எல்ஐசிக்கு அல்ல. 2024 அக்டோபரில் வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியா ஐபிஓவும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் செய்யும் கம்பெனிதான், ஆனால் வசூலான சுமார் 27,870 கோடி போய்ச் சேர்ந்தது கொரியத் தாய் நிறுவனத்துக்கு. விளம்பரத்தில் 'ஆஃபர் ஃபார் சேல்' என்று இருந்தால் பழைய பங்கு, 'ஃபிரெஷ் இஷ்யூ' என்று இருந்தால் புதுப் பங்கு. இந்த இரண்டு சொல்லைத் தேடிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

2. ஏற்கெனவே லிஸ்ட் ஆன கம்பெனி மறுபடியும் எப்படி ஷேர் விற்கும்? எத்தனை வழி இருக்கு?

முக்கியமாக நான்கு. இருக்கும் பங்குதாரர்களிடமே, அவர்கள் வைத்திருக்கும் அளவுக்கு ஏற்ப விற்றால் ரைட்ஸ், அதாவது உரிமைப் பங்கு. மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு நிறுவனம், வெளிநாட்டு நிதி போன்ற பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விற்றால் க்யூஐபி. பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சிலருக்கு, பல நேரம் கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் புரமோட்டருக்கே கொடுத்தால் பிரிஃபரன்ஷியல் ஒதுக்கீடு. ஐபிஓ போலவே ஊருக்கெல்லாம் விற்றால் எஃப்பிஓ.

ஊழியர்களுக்குத் தரும் ஈசாப், பின்னால் பங்காக மாறும் கடன் பத்திரம் என்று வேறு சிலதும் உண்டு. ஆனால் போனில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ரைட்ஸ் பற்றித்தான். அதில் மட்டும்தான் நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும், அதுவும் தேதிக்குள்.

3. காசு வேணும்னா பேங்க்ல கடன் வாங்கலாமே? எதுக்கு எங்ககிட்ட வரணும்?

கடனுக்கு வட்டி கட்ட வேண்டும், அசலைத் திருப்ப வேண்டும். பங்குக்கு இரண்டும் இல்லை. டிவிடெண்ட்கூட இஷ்டம் இருந்தால்தான். ஏற்கெனவே கழுத்தளவு கடனில் இருக்கும் கம்பெனிக்கு வங்கி கொடுக்காது, கொடுத்தாலும் வட்டி கட்டி மாளாது.

வங்கிகளின் கதை வேறு. ஒரு வங்கி எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதை அதன் சொந்த மூலதனம் தீர்மானிக்கிறது, ரிசர்வ் வங்கியின் விதி அது. அதனால் நன்றாக ஓடும் வங்கியும் அவ்வப்போது பங்கு விற்கத்தான் வேண்டும். எஸ்பிஐ 2017-இல் 15,000 கோடி, 2025 ஜூலையில் 25,000 கோடி என்று க்யூஐபி வழியாகத் திரட்டியது தத்தளித்துக்கொண்டிருந்ததால் அல்ல. புதுப் பங்கு என்றாலே கம்பெனிக்குக் கஷ்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

4. புது ஷேர் வந்தா என் பங்கு குறைஞ்சிடும்னு சொல்றாங்களே, அது எப்படி? என்கிட்ட இருக்கிற நூறு நூறாத்தானே இருக்கும்?

எண்ணிக்கை குறையாது, விகிதம் குறையும். 10 கோடி பங்கு உள்ள கம்பெனி ஆண்டுக்கு 100 கோடி லாபம் பார்த்தால் பங்குக்கு 10 ரூபாய். இன்னும் 2 கோடி பங்கு வெளியிட்டால் அதே லாபம் 12 கோடி பங்குக்குப் பிரியும், 8 ரூபாய் 33 காசு. பழைய 10 ரூபாய்க்குத் திரும்ப லாபம் 120 கோடி ஆக வேண்டும். திரட்டிய பணம் அந்தக் கூடுதல் 20 கோடியைச் சம்பாதித்துத் தருமா என்பதுதான் கேள்வி. தந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை, அதற்கு மேல் தந்தால் லாபம்.

மோசமான பக்கத்தைப் பார்க்க வோடஃபோன் ஐடியா போதும். 2019-இல் 25,000 கோடிக்கு ரைட்ஸ், பங்கு 12 ரூபாய் 50 காசு. 2024 ஏப்ரலில் 18,000 கோடிக்கு எஃப்பிஓ, பங்கு 11 ரூபாய். நடுவிலும் பின்னாலும் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி பங்காக மாறியது, 2023-இல் 16,133 கோடி, 2025-இல் 36,950 கோடி. இன்று அரசிடம் ஏறக்குறைய 49 சதவீதம் இருக்கிறது. 2018-இல் வாங்கிய ஆயிரம் பங்கு, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் ஆயிரமாகவே இருக்கும். கம்பெனியில் அதன் பாகம்தான் கரைந்துபோயிற்று.

5. போனஸ், ஸ்ப்ளிட் இதெல்லாமும் புது ஷேர்தானே?

புதுப் பங்குதான், ஆனால் கம்பெனிக்குக் காசு வராது. போனஸ் என்பது கம்பெனியின் கையிருப்புக் கணக்கில் இருப்பதைப் பங்கு மூலதனம் என்ற கணக்குக்கு மாற்றுவது. ஸ்ப்ளிட் என்பது பங்கின் மேல் குறித்திருக்கும் 10 ரூபாய் முகமதிப்பை இரண்டு 5 ரூபாய் ஆக்குவது போன்றது. உங்கள் பாகம் மாறாது. இந்தப் பக்கத்தில் இவற்றுக்கு வேலையில்லை.

6. சார், ரைட்ஸ்ல 1:15-ன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?

ஏற்கெனவே வைத்திருக்கும் ஒவ்வொரு 15 பங்குக்கும் ஒரு புதுப் பங்கு வாங்கும் உரிமை. இந்த 1:15 ரிலையன்ஸ் 2020-இல் கொடுத்தது. விலை 1,257 ரூபாய், மொத்தம் 53,124 கோடி. அதுவரை இந்தியாவில் வந்த ரைட்ஸிலேயே பெரியது. உங்களிடம் 150 பங்கு இருந்தால் 10 கிடைக்கும். 155 இருந்தாலும் 10-தான், மிச்சப் பின்னம் கணக்கில் வராது. பின்னம் விட்டுப்போனவர்கள் கூடுதலாக ஒரு பங்கு கேட்டால் பொதுவாக அவர்களுக்கு முன்னுரிமை தருவார்கள்.

இது கம்பெனி மனமுவந்து தரும் சலுகை இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு, புதுப் பங்கு வெளியிட்டால் முதலில் இருக்கும் பங்குதாரர்களிடம்தான் நீட்ட வேண்டும் என்கிறது. வேறு யாருக்காவது நேரே கொடுக்க வேண்டுமென்றால் பங்குதாரர்களிடம் சிறப்புத் தீர்மானம் வாங்க வேண்டும், அதாவது எதிர்ப்பு ஓட்டைப் போல மூன்று மடங்கு ஆதரவு.

7. ரெக்கார்டு தேதி அன்னைக்கு ஷேர் வாங்கினா ரைட்ஸ் வருமா?

வராது. இப்போது வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில்தான் டீமேட்டுக்கு வருகிறது. ரெக்கார்டு தேதி என்பது யாருக்கெல்லாம் ரைட்ஸ் என்று கம்பெனி பட்டியல் எடுக்கும் நாள். அது முடியும்போது பங்கு உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், ஆகவே குறைந்தது ஒரு வர்த்தக நாள் முன்பே வாங்கியிருக்க வேண்டும். நடுவில் வங்கி விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள் முன்னதாக.

8. மார்க்கெட்ல 300 ரூபாய், ரைட்ஸ்ல 200 ரூபாய். அப்போ ஷேருக்கு 100 ரூபாய் சும்மா லாபம்தானே?

எல்லோருக்கும் இப்படித்தான் தோன்றும். ரைட்ஸ் உரிமை பிரியும் நாளில் சந்தை விலையே இறங்கிவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். 1:4 என்று வையுங்கள். 300 ரூபாயில் 4 பங்கு, 1,200. புதுப் பங்கு ஒன்று 200. ஆக 5 பங்குக்கு 1,400, ஒன்று 280. மற்ற எதுவும் மாறாவிட்டால் விலை 280-ஐ ஒட்டி நிற்கும்.

உங்களிடம் 100 பங்கு இருந்தால் 30,000 ரூபாய்ச் சொத்து 28,000 ஆகிறது. கையில் வந்த 25 உரிமைகளுக்குத் தலா 80 ரூபாய், அதாவது 2,000. இரண்டையும் கூட்டினால் பழைய 30,000. பணம் கட்டி வாங்கினாலும் சரி, உரிமையை விற்றாலும் சரி, கணக்கு நேராகிவிடும். இரண்டும் செய்யாமல் விட்டால் அந்த 2,000 போச்சு. தள்ளுபடி எவ்வளவு பெரிதோ, சும்மா இருப்பவருக்கு நஷ்டமும் அவ்வளவு பெரிது.

9. டீமேட்ல கம்பெனி பேருக்குப் பின்னாடி 'ஆர்இ'-ன்னு ஏதோ வந்திருக்கு. ஷேர் வந்திடுச்சா?

வரவில்லை. அது ரைட்ஸ் உரிமை, சுருக்கமாக ஆர்இ. பொங்கல் பரிசு டோக்கன் வீட்டுக்கு வந்துவிட்டால் பரிசுத் தொகுப்பு வந்ததாகாது, கடைக்குப் போய் வாங்க வேண்டும் இல்லையா? அதேதான். ஆர்இ கணக்கில் இருந்தால் மட்டும் போதாது, விண்ணப்பித்துப் பணம் கட்டினால்தான் பங்கு. கடைசித் தேதி தாண்டினால் ஆர்இ காலாவதி. ஒரு பைசா கிடைக்காது.

முன்பு கம்பெனியிலிருந்து தபாலில் பெரிய உறை வரும், உள்ளே கலப்பு விண்ணப்பப் படிவம் இருக்கும். உரிமையை விற்க அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்து, ஆள் பிடித்து என்று பெரிய பாடு. 2020 தொடக்கத்தில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதியை மாற்றியதால் ஆர்இ நேரே டீமேட்டுக்கு வந்து சந்தையில் கைமாறுகிறது. ரிலையன்ஸ் ஆர்இ 2020 மே மாதம் பட்டியலானபோது உரிமைக்கு மட்டுமே 150 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார்கள்.

10. என்கிட்ட கட்ட பணமில்ல. ஆர்இ-யை எப்படி விக்கிறது?

சாதாரணப் பங்கை விற்பது போலவே, உங்கள் தரகர் ஆப்பில். ஆனால் மூன்று விஷயம். ஒன்று, சந்தையில் ஆர்இ வர்த்தகம் வெளியீடு முடிவதற்குச் சில வேலை நாட்கள் முன்பே நின்றுவிடும். வெளியீட்டின் கடைசித் தேதியைக் குறித்துவைத்து அன்று விற்க வருபவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள், அன்று செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு, இதில் அன்றே வாங்கி அன்றே விற்கும் வேலை நடக்காது. மூன்று, சந்தை விலைக்கும் ரைட்ஸ் விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுதாகக் கிடைக்காது, கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார்கள்.

வீட்டில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் டீமேட்டிலிருந்து பங்கை மாற்ற எழுதித் தரும் டிஐஎஸ் சீட்டு மூலம் சந்தைக்கு வெளியேயும் மாற்றலாம். ஆனால் வெளியீடு முடிவதற்குள் அவர் கணக்கில் ஏறி, அவர் விண்ணப்பித்தும் ஆக வேண்டும்.

11. ஆப்பில் ஆர்இ விலை மலிவா இருந்துச்சு, 500 வாங்கிட்டேன். இப்போ என்ன?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் கம்பெனிப் பங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று நினைத்து வாங்கியவர்கள். மேலே 9-இல் சொன்னதுதான். நீங்கள் வாங்கியிருப்பது உரிமையை மட்டும். பங்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆர்இ-க்கும் ரைட்ஸ் விலையைத் தனியாகக் கட்ட வேண்டும். 8-ஆம் கேள்விக் கணக்கில் 500 ஆர்இ வாங்க 40,000 ரூபாய் கொடுத்திருந்தால், விண்ணப்பிக்க இன்னும் 1,00,000 தேவை. அது இல்லையென்றால் வர்த்தகம் நிற்பதற்குள் விற்றுவிடுங்கள். இரண்டையும் விட்டால் 40,000-மும் பூஜ்யம்.

12. விண்ணப்பம் எங்கே போடணும்? ஐபிஓ மாதிரி யுபிஐ-ல வருமா?

வழக்கமான வழி அஸ்பா. உங்கள் வங்கியின் நெட்பேங்கிங்கில் ஐபிஓ, அஸ்பா என்ற பகுதிக்குள் 'ரைட்ஸ்' என்று இருக்கும். இல்லாவிட்டால் அஸ்பா வசதி உள்ள கிளையில் காகிதத்தில் கொடுக்கலாம். பணம் உங்கள் கணக்கிலேயே முடக்கப்படும், ஒதுக்கீடு ஆன பிறகுதான் எடுப்பார்கள். மனைவி டீமேட்டுக்குக் கணவர் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவது இங்கே செல்லாது, நிராகரித்துவிடுவார்கள்.

உங்களுக்கு எத்தனை உரிமை என்பதை வெளியீட்டின் பதிவாளர் இணையதளத்தில் பார்க்கலாம். கேஃபின்டெக், எம்யுஎஃப்ஜி இன்டைம், சென்னையில் உள்ள கேமியோ போன்றவர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். வெளியீடு குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் திறந்திருக்கும். பல கம்பெனிகள் நடுவில் ஓர் அளவில் முடித்துக்கொள்கின்றன.

13. எனக்கு 10-தான் வந்திருக்கு. இன்னும் 50 கேட்கலாமா?

கேட்கலாம். உங்கள் 10-க்கு முழுதாக விண்ணப்பித்துவிட்டு மேலே கூடுதலாகக் கேட்கலாம். மற்றவர்கள் வேண்டாமென்று விட்டது இருந்தால் அதிலிருந்து பங்கு போட்டுத் தருவார்கள். உரிமையில் ஒரு பகுதியையோ முழுவதையோ விற்றுவிட்டவர் கூடுதல் கேட்க முடியாது.

14. 1,257 ரூபாய் ஷேருக்கு 314 ரூபாய்தான் கட்டச் சொன்னாங்க. மிச்சம் தள்ளுபடியா?

தள்ளுபடி இல்லை, தவணை. ரிலையன்ஸ் விண்ணப்பத்தின்போது 314 ரூபாய் 25 காசு வாங்கியது, 2021 மே மாதம் இன்னொரு 314.25, நவம்பரில் மீதி 628.50. ஏர்டெல்லும் 2021 அக்டோபரில் 535 ரூபாய் ரைட்ஸில் முதலில் 133.75 மட்டும் வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் இவை பகுதி கட்டிய பங்குகள் என்று தனிப் பெயரில், தனி விலையில் கைமாறும்.

தவணை கேட்பு வரும்போது கட்டாவிட்டால் பங்கைப் பறிமுதல் செய்யும் உரிமை கம்பெனிக்கு உண்டு, கட்டியதும் போய்விடும். கேட்பு அறிவிப்பு பதிவு செய்த மின்னஞ்சலுக்கு வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் கொடுத்த, இப்போது திறக்கவே முடியாத மின்னஞ்சல் முகவரியை வைத்திருப்பவர்கள் அதை முதலில் மாற்றுங்கள். இதில் நான் ரொம்பவே கறார்.

15. மார்க்கெட் விலையே ரைட்ஸ் விலைக்குக் கீழ போயிடுச்சு. அப்பவும் விண்ணப்பிக்கணுமா?

எதற்கு? சந்தையிலேயே மலிவாக வாங்கிக்கொள்ளலாம். அந்த நிலையில் ஆர்இ-க்கும் மதிப்பு இருக்காது. 8-இல் சொன்ன நஷ்டமும் இல்லை, அதனால் நிம்மதியாக விட்டுவிடலாம்.

வோடஃபோன் ஐடியா 2019-இல் ரைட்ஸ் போட்டபோது விலை 12.50, அதே வருஷத்திலேயே ஒரு கட்டத்தில் சந்தையில் பங்கு 5 ரூபாய்க்குக் கீழே கிடைத்தது. புரமோட்டர் கட்டுகிறாரே என்று நாமும் கட்ட வேண்டியதில்லை. அவருக்குக் கம்பெனியைக் காப்பாற்றும் தேவை இருக்கிறது, நமக்கு இல்லை.

16. பெரிய ஆளுங்களுக்கு மட்டும் க்யூஐபி-ல கொடுக்கிறாங்க. எங்களை ஏன் சேர்க்கல?

வேகம்தான் காரணம். க்யூஐபி பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடும். லட்சக்கணக்கான பேரிடம் விண்ணப்பம் வாங்க வேண்டியதில்லை. பழைய முறையில் ரைட்ஸ் மாதக்கணக்கில் இழுத்ததால் கம்பெனிகள் இந்தப் பக்கம் ஓடின. 2025 ஏப்ரல் முதல் செபி ரைட்ஸ் வேலையை, இயக்குநர் குழு ஒப்புதலிலிருந்து 23 வேலை நாட்களுக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தச் சாக்கு இனி அவ்வளவாக எடுபடாது என்பது என் கருத்து.

இஷ்டத்துக்கு விலை போட முடியாது. முந்தைய இரண்டு வார விலைகளின் சராசரிதான் அடிமட்ட விலை, பங்குதாரர்கள் அனுமதித்தால் அதில் 5 சதவீதம் வரை குறைக்கலாம். புரமோட்டர் இதில் வாங்கவே முடியாது. அப்படியும் உங்கள் விகிதம் குறையத்தான் செய்யும், ஈடாக உங்களுக்கு ஆர்இ எதுவும் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே சிறு முதலீட்டாளருக்கு ரைட்ஸ் நியாயமான வழி என்று நினைக்கிறேன்.

17. புரமோட்டருக்கு அவரே வாரண்ட் கொடுத்துக்கிறார். இது கொள்ளை இல்லையா?

எல்லா நேரமும் இல்லை. பிரிஃபரன்ஷியல் ஒதுக்கீட்டில் 90 வர்த்தக நாள் சராசரி, 10 வர்த்தக நாள் சராசரி இரண்டில் எது அதிகமோ அதற்குக் கீழே விலை வைக்க முடியாது. சிறப்புத் தீர்மானம் வேண்டும். வாங்கிய பங்கைப் புரமோட்டர் பெரும்பாலும் 18 மாதம் விற்க முடியாது, மற்றவர்கள் 6 மாதம்.

வாரண்ட்டில்தான் கவனம் வேண்டும். இன்று முடிவான விலையில் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. இப்போது 25 சதவீதம் கட்டினால் போதும், மீதியைக் கட்டிப் பங்காக மாற்ற 18 மாதம் அவகாசம். விலை இன்றே முடிவாகிவிடுகிறது. ஏறினால் மாற்றிக்கொள்வார், இறங்கினால் 25 சதவீதத்தை விட்டுவிட்டுப் போவார். அந்தப் பணம் கம்பெனிக்கே சேரும் என்பது உண்மை, ஆனால் கம்பெனி நம்பியிருந்த மீதி 75 சதவீதம் வராது. ஓட்டெடுப்பு மின்னஞ்சல் வரும்போது குப்பையில் போடாதீர்கள். யாருக்கு, எதற்கு, ஒதுக்கீட்டுக்குப் பின் அவர் கையில் எத்தனை சதவீதம் என்று அந்த நோட்டீஸிலேயே இருக்கும்.

18. எஃப்பிஓ-ல வாங்கினா மார்க்கெட்டை விடக் குறைவா கிடைக்கும்தானே?

குறைவாகத்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்? ஆனால் விலைப் பட்டை அறிவித்த பிறகு சந்தை விலை அதை நோக்கி இறங்கும். யெஸ் பேங்க் 2020 ஜூலையில் 12 ரூபாய்க்கு 15,000 கோடி கேட்டது, அதாவது 1,250 கோடி புதுப் பங்குகள். இருந்த பங்குகளும் ஏறக்குறைய அவ்வளவுதான். அறிவிப்புக்கு முன் 25 ரூபாயை ஒட்டி இருந்த விலை அப்படியே நிற்குமா?

தலைகீழாகவும் நடக்கும். 2023 ஜனவரியில் அதானி என்டர்பிரைசஸ் 20,000 கோடி எஃப்பிஓவுக்கு 3,112 முதல் 3,276 ரூபாய் என்று பட்டை வைத்தது. நடுவே அதானி குழுமத்தின் மீது குற்றம் சாட்டி ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அறிக்கை வந்து, சந்தை விலை பட்டைக்குக் கீழே போனது. பெரிய முதலீட்டாளர்களால் வெளியீடு நிறைந்தாலும், சில்லறை ஒதுக்கீட்டில் சுமார் 12 சதவீதம்தான் கேட்பு. மூடிய மறுநாள், பிப்ரவரி 1 இரவு, கம்பெனியே ரத்து செய்து பணத்தைத் திருப்பியது. கடைசி நாளில் விண்ணப்பிப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். பட்டையும் சந்தை விலையும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

19. ஷேர் விலை 7 ரூபாய் இருக்கும்போது கவர்ன்மென்ட் ஏன் 10 ரூபாய்க்கு எடுத்துச்சு?

வோடஃபோன் ஐடியாவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதன் முகமதிப்பு 10 ரூபாய். கம்பெனிச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, முகமதிப்புக்குக் கீழே புதுப் பங்கு வெளியிட முடியாது. 2025 ஏப்ரலில் சந்தையில் 7 ரூபாயைச் சுற்றி ஓடியபோதும் 36,950 கோடிப் பாக்கிக்கு 3,695 கோடிப் பங்குகள் தலா 10 ரூபாயில்தான் ஒதுக்கப்பட்டன. இந்த மாற்றத்தில் கம்பெனிக்குப் புதுப் பணம் ஒரு ரூபாயும் வரவில்லை, கடன்தான் குறைந்தது. பாக்கி பங்கானது என்ற செய்தியை 'கம்பெனிக்கு 36,950 கோடி வந்தது' என்று சிலர் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அது வேறு, இது வேறு.

20. திரட்டின பணத்தை என்ன செஞ்சாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?

வெளியீட்டு ஆவணத்தில் 'வெளியீட்டின் நோக்கங்கள்' என்ற பகுதி இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படியுங்கள். 'பொதுவான கம்பெனித் தேவைகள்' என்று பெயரிட்டு ஒதுக்குவதற்கு 25 சதவீத வரம்பு உண்டு. கண்காணிப்பு முகமையாக நியமிக்கப்படும் ரேட்டிங் நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை தரும் அறிக்கை பங்குச்சந்தை இணையதளத்தில் கிடைக்கும்.

பணம் புது ஆலைக்கா, பழைய கடனை அடைக்கவா என்று பாருங்கள். கடன் அடைப்பு தப்பில்லை, ஆனால் யாருடைய கடன் என்பது முக்கியம். புரமோட்டர் குழுமத்திலிருந்து வாங்கிய கடனை அடைக்க நம்மிடம் ரைட்ஸ் கேட்டால் கொஞ்சம் நின்று யோசிப்பேன்.

21. நாம எல்லாரும் ரைட்ஸ்ல கட்டினா கம்பெனி பொழைச்சுக்கும்தானே?

கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குகளைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. 2017 கடைசியில் அந்த வங்கி ரைட்ஸ் வெளியிட்டது, பலர் கட்டினார்கள். 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட்தாரர் பணத்துக்குப் பாதிப்பில்லை. பங்கு மூலதனம் மொத்தமும் பூஜ்யமாக எழுதப்பட்டது, ரைட்ஸில் வாங்கியதும் சேர்த்துத்தான்.

பழைய நஷ்டத்தைச் சரிக்கட்ட ரைட்ஸில் கட்டுகிறேன் என்பவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். இந்தப் பங்கு கையில் இல்லாமல் இருந்து, இன்று புதிதாக இந்த விலைக்குத் தந்தால் வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் ஆர்இ-யை விற்றுவிடலாம்.

22. இதுக்கெல்லாம் வரி எப்படி?

ரைட்ஸில் வாங்கிய பங்குக்கு அடக்க விலை நீங்கள் கட்டிய தொகை. வைத்திருந்த காலம் ஒதுக்கீடு ஆன நாளிலிருந்து, பழைய பங்கின் தேதியிலிருந்து அல்ல. ஆர்இ-யைச் சந்தையில் வாங்கி விண்ணப்பித்திருந்தால் அதற்குக் கொடுத்ததும் அடக்க விலையில் சேரும். உங்களுக்கு வந்த ஆர்இ-யை விற்றிருந்தால் அடக்க விலை பூஜ்யம், கிடைத்தது முழுவதும் குறுகிய கால மூலதன ஆதாயம். சதவீதத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், அது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும்.

23. நான் துபாய்ல இருக்கேன் அண்ணா. எனக்கு லெட்டரே வரலையே?

வெளியீட்டு ஆவணத்தை இந்திய முகவரி கொடுத்தவர்களுக்குத்தான் அனுப்புகிறார்கள், மின்னஞ்சலில்கூட. என்ஆர்ஐ பங்குதாரர் ரைட்ஸில் விண்ணப்பிக்கலாம், ஆனால் டீமேட்டிலோ பதிவாளரிடமோ இந்திய முகவரி ஒன்றைப் பதிந்து வையுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களை அந்நாட்டுச் சட்டம் காரணமாகப் பெரும்பாலான கம்பெனிகள் சேர்ப்பதே இல்லை. அவர்கள் ஆவணத்தில் உள்ள கட்டுப்பாடுகளைப் படித்துவிட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும்.

24. மியூச்சுவல் ஃபண்ட் வழியா அந்தக் கம்பெனி ஷேர் இருக்கு. எனக்கும் ரைட்ஸ் உண்டா?

ஃபண்டுக்கு உண்டு, உங்களுக்கு நேரடியாக இல்லை. கட்டுவதா விற்பதா என்பதை ஃபண்ட் மேலாளர் பார்த்துக்கொள்வார்.

25. அப்பா பேர்ல காகிதச் சான்றிதழா இருக்கு. அப்பா இப்போ இல்ல. ரைட்ஸ் அறிவிச்சிருக்காங்க, ஒரு வாரம்தான் டைம். ஏதாவது வழி இருக்கா?

காகிதப் பங்குக்கும் உரிமை உண்டு. டீமேட் விவரம் இல்லாதவர்களுக்கும் முடக்கப்பட்ட கணக்கு உள்ளவர்களுக்கும் சேர வேண்டிய ஆர்இ ஒரு தற்காலிக எஸ்க்ரோ கணக்கில் வைக்கப்படும். வெளியீடு முடிய இரண்டு வேலை நாட்களுக்கு முன் டீமேட் விவரத்தைப் பதிவாளரிடம் கொடுத்தால் ஆர்இ-யை மாற்றுவார்கள். அப்பா உயிருடன் இருந்து கணக்கு மட்டும் இல்லையென்றால் இது நடக்கிற காரியம்.

இறந்தவர் பெயரில் இருப்பதை வாரிசு பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழ், நாமினி விவரம் அல்லது வாரிசுச் சான்று, கேஒய்சி எல்லாம் வேண்டும். அது ஒரு வாரத்தில் முடியாது. இந்த முறை ரைட்ஸ் போனது போனதுதான் என்று எடுத்துக்கொண்டு, பழைய பங்குகளை மாற்றும் வேலையை இன்றே தொடங்குங்கள். சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணைக் குறித்துக்கொண்டு பதிவாளருக்கு எழுதுங்கள். பதிலோடு நிரப்ப வேண்டிய படிவங்களையும் அவர்களே அனுப்புவார்கள்.